நடுத்தூண்

பஞ்சிகாவத்தையில் எங்கள் பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது.
டயர் அடுக்குக்கும் ஒரு செத்த பஸ் எஞ்சினுக்கும் நடுவே
உடம்பைச் சாய்த்து நுழைந்தால் நான் இருப்பேன்,
வெல்டிங் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு.

அப்படிச் சாய்ந்து வந்தவன்தான் நிரோசன்.
ஒற்றை இருக்கைக் கார் ஓட்டுகிறவன்.
நாலு சக்கரமும் வெளியே,
தலையும் வெளியே.
மூன்று கால் ஊன்றிய ஒரு வளையம் வேண்டுமாம்:
பின்னால் இரண்டு, முன்னால் ஒன்று.
அந்த முன்கால் சரியாக மூக்குக்கு நேரே.

"பிறகு பாதையை எதால பாப்பாய்?" என்றேன்.

அவனுக்கும் அதே பயம்.
விதி கேட்கிறது, அதனால் கேட்கிறான்.
அவனைக் கேட்டால்
காற்று வேண்டும், வானம் வேண்டும்,
ஃபோட்டோவில் முகம் விழ வேண்டும்.

குழாய்க்குள் மணலை இறுக்கி, வளைத்து,
அட்டையில் வெட்டிய அவன் தலையின் அளவோடு
திரும்பத் திரும்ப ஒத்துப்பார்த்தேன்.
ஒன்பது கிலோ.
"ஒன்பதா, அக்கா?"
எடை குறைக்க இரண்டு மாதம்
இராச்சோறு தின்னாதவன் கேட்டான்.

சனிக்கிழமை சோதனை.
மருதானையில் வாங்கிய இரண்டு தெம்பிலி.
ஒன்றுக்கு அவனுடைய பழைய ஹெல்மெட்டை மாட்டி
இருக்கையில் உட்கார வைத்தோம்.
செயின் புளொக்கில் ஒரு சக்கரத்தைக் கூரைவரை ஏற்றி
ரிஃபாத் கயிற்றை அறுத்தான்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள்.
தலைப்பாகைக்கு ஒரு கீறல்தான்.
கண்மூடியின் இடுக்கால்
தண்ணீர் வந்துகொண்டிருந்தது,
கொஞ்சம் கொஞ்சமாக.

யாரும் சிரிக்கவில்லை.
நிரோசன் வெளியே போய்
யாருக்கோ ஃபோன் எடுப்பதுபோல் நின்றான்.

ஹெல்மெட்டைத் துடைத்தோம். அடுத்த தெம்பிலி.
இம்முறை வளையத்தின் கீழே.
சக்கரம் இரும்பில் மோதி,
பட்டறை ஒரு நிமிடம் முழுக்க ரீங்கரித்து,
எகிறிப் போய்
பக்கத்துக் கடை ஹசன் நானாவின் பக்கக்கண்ணாடிகள்
பதினொன்றை உடைத்தது.

கத்திக்கொண்டு வந்தார் நானா.
இருக்கையில் ஹெல்மெட்.
கழற்றிப் பார்த்தால்
முழுசாக ஒரு தெம்பிலி.
ஒன்றும் பேசாமல் கத்தியை எடுத்துச் சீவி,
நின்றபடியே குடித்தார்.
"நல்ல இனிப்பு," என்றார்.
நிரோசன் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கோட்டையில் இரவோட்டம்.
கடற்காற்று, மண்மூட்டை, கம்பிவலை.
அன்றைக்கு எதுவும் பறந்து வரவில்லை.
ஒரு சிலுசிலு பை மட்டும் வந்து வளையத்தில் சிக்கி
கடைசி மூன்று சுற்றும் படபடத்தது.
ஏழாவதாக வந்தான்.

"தூண் மறைச்சதோ?"
"எந்தத் தூண்?"

அவன் போன பிறகு நானே ஏறி உட்கார்ந்தேன்.
இடக்கண்ணை மூடினால் தூண் நிற்கிறது.
வலக்கண்ணை மூடினால் தள்ளி நிற்கிறது.
இரண்டையும் திறந்து தூரத்தில் வைத்தால்
இல்லை.
காலி முகத்திடல் பக்கத்து விளக்குகள் எல்லாம்
அதற்கூடாகத் தெரிந்தன.
என் மூக்கும் பிறந்த நாளிலிருந்து
இங்கேதான் நிற்கிறது.

வேலை சரி என்று அதற்குத்தான் அர்த்தம்.

ஆனால் இரண்டு கண்ணையும் திறந்து வைத்து
என்னையும் மறந்துவிட்டான்.
இரண்டாம் தவணை இன்னும் வரவில்லை.
போகட்டும் என்று சொல்லமாட்டேன், தம்பி.
பதினொரு கண்ணாடிக்கு
காசு கொடுக்க வேண்டும்.
நானா தெம்பிலியைக் கழித்துக்கொள்ள மாட்டாராம்.