ஏழாம் மாடி, பதினான்காம் கதவு

பீச் ரோட்டில் எங்கள் கட்டடம்.
கீழே மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பலகை.
வெள்ளை பிளாஸ்டிக் எழுத்துகளைக் குத்திக் குத்திப்
பெயர் வைப்பது என் வேலை.
பணிப்பெண் முகவை, பல் மருத்துவர், பயண ஏற்பாடு,
பாதம் பிடித்துவிடும் மேடம் கோ.

ஏழாம் மாடி, பதினான்காம் கதவுக்குள்
ஒரு நாடு குடிவந்தது.

அப்படித்தான் சொன்னார் ஒர்பெல்.
"கர்தேவான் குடியரசின் தூதரகம் என்று போடுங்கள்."
குத்தகைத் தாளைத் திருப்பிக் காட்டினேன்:
கர்தேவான் அக்ரூட் இறக்குமதி, தனியார் நிறுவனம்.
பதிவில் இருக்கிற பெயர்தான் பலகையில் ஏறும், ஐயா.
அவர் கோபப்படவில்லை.
முப்பத்தொரு வருடமாய் இதே பதிலை
இதைவிடப் பெரிய மேசைகளில் கேட்டவர்.

மக்கள் உண்டு, என்றார். நிலம் உண்டு.
வரி வாங்குகிற அரசு உண்டு, என் தம்பியைக் கேளுங்கள், அழுவான்.
கடிதம் எழுதத் தெரிந்த அமைச்சகமும் உண்டு.
பதில் மட்டும்
மற்றவர்கள் போட வேண்டியது.

ஒருமுறை பதில் வந்ததாம்.
பசிபிக்கில் ஏதோ ஒரு தீவு,
நம் தோ பாயோ அளவுகூடச் சனமில்லை,
அங்கீகரிக்கிறோம் என்றது.
தலைநகரில் இரண்டு நாள் விடுமுறை,
ஒரு தெருவுக்கு அந்தத் தீவின் பெயர்.
பதினொரு மாதத்தில் யாரோ தீவுக்குத்
துறைமுகக் கடன் கொடுத்தார்கள்.
தீவு தன் வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொண்டது.
தெருவின் பெயரை மாற்றவில்லை என்றார்,
பலகைக்கு மறுபடி யார் செலவழிப்பது?

அவருடைய கடவுச்சீட்டை நகலெடுத்தவள் நான்தான்.
யாரிடமிருந்து பிரிந்தார்களோ
அவர்களுடைய கழுகு அதன் அட்டையில்.
அதைக் காட்டித்தான் சாங்கியில் இறங்கியிருக்கிறார்.
மற்றொன்று மேசை இழுப்பறையில்:
பச்சை நிறம், ஒரு முத்திரையும் விழாத
இருபத்துநான்கு பக்கம்.

எங்கள் கதையைக் கேட்டார்.
ஒரு திங்கட்கிழமை, காலைப் பத்து மணி, வானொலி.
சேர்ந்திருக்கத்தான் விரும்பினோம்,
வெளியே அனுப்பினார்கள் என்று
பள்ளியில் படித்ததைச் சொன்னேன்.
ஆறு வாரம் கழித்து ஐநாவில் நாற்காலி.
வெகுநேரம் கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.
பிறகு,
"விண்ணப்பமே போடாமலா?" என்றார்.

நவம்பரில் அவர்களுடைய தேசிய நாள்.
முப்பத்தெட்டுத் தூதரகங்களுக்கு அழைப்பிதழ்,
முகவரி ஒட்டிக்கொடுத்தேன்.
யாரும் வரவில்லை.
ஒன்றிலிருந்து மட்டும் மின்னஞ்சல்,
வேறு வேலை இருக்கிறது என்று, கையெழுத்தில்லாமல்.
அதை அச்செடுத்துக் கோப்பில் வைத்தார்.

வந்தது மேடம் கோ, ரப்பர் செருப்போடு.
ஜொகூரிலிருந்து வந்துபோகும் காவலர் ரோஸ்லான்.
ஐந்தாம் மாடிக் கணக்காளர் பரராஜசிங்கம்,
ரசீதைத் தவிர வேறெதையும் என்னிடம் பேசியிராதவர்.
காகிதத் தட்டில் அக்ரூட், தேன்,
உப்புக் கரிக்கும் ஒரு பாலாடைக்கட்டி.
குளிர்சாதனத்துக்கு மேலே கொடி.
தையற்காரர் ஒரு பட்டையை
வேறு நீலத்தில் தைத்திருந்தார்.

கைப்பேசியில் தேசிய கீதம் போட்டார் ஒர்பெல்.
நடுவில் ஷாம்பு விளம்பரம் வந்தது.
தட்டை என்ன செய்வதென்று தெரியாமல்
நாங்கள் உட்கார்ந்திருக்க,
முதலில் எழுந்தவர் பரராஜசிங்கம்.
கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு,
கைகளை உடம்போடு ஒட்டிவைத்து,
தன்னுடையதல்லாத ஒரு பாட்டுக்குக்
கண்ணை மூடி நின்றார்.
பாட்டு முடிந்த பிறகும் நின்றார்.
தவறான நீலம் காற்றில் லேசாக ஆடியது.

மறுநாள் எட்டு மணிக்கு முன்பே வந்து
பலகையைத் துடைத்தேன்.
அக்ரூட்டைக் கழற்றினேன். இறக்குமதியைக் கழற்றினேன்.
தனியாரும் நிறுவனமும் டப்பாவுக்குள் போயின.
கர்தேவான் மட்டும் மிச்சம்.

மேலாளர் கேட்டால்
எழுத்துத் தட்டுப்பாடு என்பேன்.
இன்னும் கேட்கவில்லை.