பொருநை இன்னும் ஓடுகிறது

முக்கூடல் பீடிக் கம்பெனியில் ஆறு கம்ப்யூட்டர்,
ஆறுக்கும் சேர்த்து ஒரே டேட்டாபேஸ்.
பழைய சர்வருக்கு யாரோ 'பொருநை' என்று பெயர் வைத்திருந்தார்கள்.
புதியதற்கு நான் வைத்த பெயர் 'சர்வர்2'.
அதிலேயே தெரிந்திருக்க வேண்டும்
எனக்கு எவ்வளவு அவசரம் என்று.

திங்கள் ஒன்பதே காலுக்குப் போன்.
"தொறக்கவே மாட்டேங்கு சார். வேற யாரோ
உள்ள இருக்காவன்னு சொல்லுது."
யாரோ என்றால் யார்?
லாக் ஃபைலுக்குள் பார்த்தேன்: கணக்கு4.
ஆடி மாத மின்னலில் கருகிய மிஷின்.
அதன் மேல் இப்போது இலைக்கட்டு அடுக்கியிருக்கிறது.
வீடு மாறும்போது
பழைய வீட்டுப் பூட்டையும் பூட்டியபடியே
தூக்கி வந்திருக்கிறேன்.

அழித்தேன்.
ஆட்கள் வெளியேறிய பிறகும் மறுபடி ஒன்று கிடந்தது.
படிக்கலாம், எழுதலாம் என்று அனுமதி கொடுத்தவன்
அழிக்கலாம் என்பதை மட்டும் கொடுக்கவில்லை, பயம்.
கடைசியாகப் போகிறவர்
பூட்டை எடுத்துவிட்டுப் போக வேண்டும்;
அழிக்க உரிமையில்லாதவரால்
முறையாக வெளியேறவும் முடியாது.
இதைக் கண்டுபிடிக்க மூன்று டீ.

புதன்கிழமை செய்யதலி பாத்திமா வந்தார், பாஸ்புக்கோடு.
"ரெண்டு நாளா சுத்துனது, ஆயிரத்து நானூறு.
ஏட்டுல இருக்கு. டிவில இல்லங்காவ."
திரையில் இல்லைதான்.
பெயரில் தேடினேன், தேதியில் தேடினேன்.
யாருக்கு என்ன கோளாறு என்று அறை அறையாகக் கேட்டேன்.
ஐந்து பேர் ஆளுக்கொரு குறை சொன்னார்கள்.
முப்பிடாதி மட்டும்
"எனக்கு ஒண்ணுமில்ல சார், அருமையா ஓடுது" என்றாள்.

அங்கேயே நின்றுவிட்டேன்.
சனிக்கிழமை நான் இணைப்புகளை மாற்றியபோது
அவள் அறை பூட்டியிருந்தது.
சாவி அவளோடு கல்லிடைக்குறிச்சிக்கு
வளைகாப்புக்குப் போயிருந்தது.
மாடிப்படிக்குக் கீழே,
எதற்கும் இருக்கட்டும் என்று அணைக்காமல் விட்ட பொருநையில்
பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது.
மூன்று நாளாக அதில்தான் எழுதியிருக்கிறாள்,
நூற்று எண்பத்தேழு வரி,
ஒரு பிழைச்செய்திகூட இல்லாமல்.

ஒட்டிச் சேர்க்க வழியில்லை.
48211 என்ற எண்ணை
இங்கே ஜெபகனிக்கும் அங்கே பாத்திமாவுக்கும்
இரண்டு சர்வரும் தனித்தனியே கொடுத்திருந்தன.
அவள் வாசிக்க நான் அடித்தேன்:
இலை, தூள், நூல், கட்டு, கழிவு.
புகையிலைத் தும்மலில் இரண்டு முறை எண் தவறியது.
"அப்போ மூணு நாளும்
நான் எங்கன சார் எழுதிக்கிட்டிருந்தேன்?"
நான் "அடுத்தது" என்றேன்.

எட்டரைக்குக் கடைசி வரி.
ஆயிரத்து நானூறு திரையில் வந்ததும்
பாத்திமாவுக்குப் போன் போட்டாள்.
நான் படிக்கடியில் குனிந்து பொருநையை அணைத்தேன்.
உள்ளே காற்றாடி நிற்க நேரமெடுத்தது.
அதுவரை ஸ்விட்சிலிருந்து
கையை எடுக்கவில்லை.