முகவரி

புவனஸ் அயர்ஸ். கொரியென்தெஸ் சாலை,
ஏடிஎம் வாசல்.
எவரிஸ்தோ காசு கேட்பதில்லை.
பழைய நாளிதழை நீட்டுவார்:
"ஆசியாவில் ஒரு ஆறு. ஏழு கட்டம்."
தெரியாது, பஸ்ஸுக்கு நேரமாச்சு.
மறுநாள் நானே போய்ச் சொன்னேன்.
தப்பு என்றார்.

ஜூலைக் குளிரில்
என் கம்பளிக் கோட்டை வேண்டாமென்றவர்
பேனாவை மட்டும் வாங்கிக்கொண்டார்.

நிமோனியாவில் பதினோரு நாள் கிடந்துவிட்டுப் போனால்
முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.
படுக்கை அட்டைக்கு அடியில்
ஒரு கட்டமும் நிரப்பாத
பதினோரு நாளிதழ்கள்.

"நான் காணாமல் போனால்
இந்த வாசலில் வந்து விசாரிப்பாய்.
நீ போனால்
நான் யாரைக் கேட்பது?"

செய்தித்தாள் ஓரத்தில்
தெரு, கதவு எண், மூன்றாம் மாடி
எழுதிக் கொடுத்தேன்.
கோழிக் கிறுக்கல் என்று முனகியபடி
கிழித்துச்
சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.