எண்பத்தேழு

மூன்று நிமிடத்தைத் தாண்டினால்
பிள்ளைகளின் அம்மாக்களுக்கு டேட்டா தீர்ந்துவிடும்.
ஆகவே வணக்கம் சொல்வதில்லை நான்.
பெயர் இல்லை. முகமும் கிடையாது.
கவிழ்த்த நாற்காலியின் காலில் போனைக் கட்டி
நேரே அடுப்பிலிருந்து ஆரம்பிப்பேன்.

எல் ஆல்ட்டோவில் காலை ஆறு மணி.
ஏழரைக்கெல்லாம் பக்கத்துவீட்டு எவாரிஸ்டோ
வெல்டிங் போட உட்கார்ந்துவிடுவார்.
அதற்குள் வெளிச்சம் வரவேண்டும்,
நாய்கள் ஓயவேண்டும்,
பின்னம் புரியவேண்டும்.

இதுவரை அறுபத்திரண்டு.
ரொட்டியை எட்டாக வெட்டியது ஒன்று.
கேபிள் கார் கம்பியில் கோணம் அளந்தது ஒன்று.
உயூனியிலிருந்து வந்த உப்புக்கல்லை
உடைத்து உடைத்து,
எவ்வளவு சிறிதானாலும் அதற்கு மூலை உண்டு என்று
காட்டியது ஒன்று.
பெருக்கல் வாய்ப்பாட்டின் மேல்
பூனை வந்து படுத்துக்கொண்டதும் ஒன்று.
அதைத்தான் அதிகம் பேர் பார்த்திருக்கிறார்கள்.

நான் ஆசிரியை அல்ல.
பால் ஆலையில் வெப்பமானி பார்க்கிற வேலை.
அக்கா மகளுக்கு ஒன்று அனுப்பினேன்.
அவள் வகுப்புக்கே அனுப்பிவைத்தாள்.

ஐம்பத்தெட்டாவதுதான் வினையாகிவிட்டது.
'தண்ணீர் எப்போது கொதிக்கும்?'
ஆலையின் வெப்பமானியை
யாரிடமும் சொல்லாமல் கொண்டுவந்திருந்தேன்.
சின்னக் குமிழி. பெரிய குமிழி. தளதள.
சிவப்புக் கோடு எண்பத்தேழில் நின்றது.
தீயைக் கூட்டினேன்.
நின்றது நின்றதுதான்.
'பார்த்தீர்களா' என்றேன்.
இரண்டு நிமிடம் ஐம்பது நொடி.

வியாழன் இரவு யெர்கோவின் குரல் வந்தது:
"செனோபியா அத்தை,
உங்கள் தண்ணீருக்கு எனக்கு முட்டை போட்டுவிட்டார்."
கூடவே விடைத்தாளின் படம்.
எண்பத்தேழை அடித்து
பக்கத்தில் நூறு,
நூறுக்கு அடியில் இரண்டு கோடு,
இரண்டாவது கோட்டில் தாள் கிழிந்திருந்தது.

பொய் சொன்னது நானா, கண்ணாடிக் குழாயா,
நாலாயிரம் மீட்டருக்கு மேலே
குடியேறி உட்கார்ந்திருக்கும் இந்த ஊரா?
இங்கே எந்த அடுப்படியைக் கேட்டாலும் சொல்லும்,
உருளைக்கிழங்கு இந்த ஊரில் சோம்பேறி என்று.
ஏட்டுத் தண்ணீரில் அது இருபது நிமிடத்தில் வேகும்.
சட்டித் தண்ணீருக்கு
ஏடு படிக்கத் தெரியாது.

விடியுமுன் ஒரு வரி தட்டினேன்:
'வேறு ஊரில் யாருக்காவது சொந்தம் உண்டா?
வெப்பமானி இருந்தால்
கொஞ்சம் தண்ணீர் கொதிக்கவைக்கச் சொல்லுங்கள்.'

கொரோய்க்கோவில் காப்பித் தோட்டத்து மாமா ஒருவர்
போனைக் கிடையாய்ப் பிடிக்கத் தெரியாமல்
தன் செருப்பையும் சேர்த்து எடுத்திருந்தார்:
தொண்ணூற்று நான்கு.
சாண்டா குரூஸில், ஓட்டல் சமையலறையில்,
வேர்த்து வடியும் ஒரு பையன்:
தொண்ணூற்றெட்டைத் தாண்டி ஏதோ, ஆவியில் தெரியவில்லை.
எல்லைக்கு அப்பால், அரிக்கா துறைமுகத்தில்
மீன் வெட்டுகிற டேயானிராவின் சித்தி
செதில் ஒட்டிய கையால் வெப்பமானியைத் தூக்கிக் காட்டினாள்.
பின்னால் இரைச்சல். முதலில் பஸ் என்று நினைத்தேன்.
அலை.
நூறு. ஒரு மயிரிழை கூடக் குறையாமல் நூறு.

எல்லாவற்றையும் ஒட்டி, என் எண்பத்தேழை முன்னால் வைத்து
அனுப்பினேன். குரல் கொடுக்கவில்லை.
கடைசியில் ஒரே ஒரு வரி:
புத்தகத்தின் தண்ணீர் கடற்கரையில் கொதித்தது.

எங்கள் நாட்டுக்குக் கடல் இல்லை.
எப்படி இல்லாமல் போயிற்று என்பது வரலாற்றுப் பாடம்,
அது மூன்று நிமிடத்தில் அடங்காது.

திங்களன்று யெர்கோ சொன்னான்:
மதிப்பெண் மாறவில்லை.
லுசியோ சார் அதைப் பற்றிப் பேசவே இல்லை.
ஆனால் இடைவேளையில் அவனைத் தனியே கூப்பிட்டு,
கதவைச் சாத்திவிட்டு,
அந்த வெப்பமானி இரண்டு நாளைக்குக் கிடைக்குமா என்றாராம்.

கொடுக்கலாம்.
ஆலையில் அதைத்தான்
மூன்று நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறோம்,
நானும் சேர்ந்து.