எந்தப் பக்கம்

பித்தப்பையில் கல் என்றுதான் போனேன்.
கல் இல்லை.
வயிற்றின் ஜெல்லைத் துடைத்துக்கொள்ளச் சொன்ன பெண்
பேப்பரை நீட்டினாள், முகம் கொடுக்கவில்லை.

டாக்டர் பரூச்சா நல்ல மனிதர்.
கேன்சர் என்பதை ஒரே முறை சொன்னார், மெதுவாக.
எலுமிச்சம்பழம் அளவு என்பதை மூன்று முறை.
நடுவில் உட்கார்ந்திருக்கிறது,
அதனால் சிறுநீரகத்தையே முழுதாக எடுத்துவிடலாம்.
எந்தக் கடை எலுமிச்சை என்று கேட்க நினைத்தேன்.
ஆன்டாப் ஹில்லில் பத்து ரூபாய்க்கு மூன்று தருகிறானே,
அது கோலிக்குண்டுக்கு அக்கா.

வெளியே வந்தால் ஒரு டாக்சியின் முகப்பில்
மிளகாயோடு கோத்துத் தொங்கியது ஒன்று.
அது கண்ணேறு கழிக்க.
எனக்குள் தொங்கவிட்டது யார், எதைக் கழிக்க?

கட்டி.
இந்தச் சொல்லை இத்தனை நாள்
வெல்லத்துக்கும் சாம்பிராணிக்கும் தயிருக்கும்
செலவழித்திருக்கிறேன்.
ஹிந்தியில் காண்ட் என்கிறார்கள், முடிச்சு.
அந்தப் பாஷையில் மட்டும்
அவிழ்த்துவிடலாம் போலிருக்கிறது.

இரண்டு வருடமாய்ச் சொட்டிய குழாயை
அன்றிரவே மாற்றினார் இவர்.
இப்போது சமையலறையில் சத்தமே இல்லை,
எனக்குத் தூக்கமும் இல்லை.
இசக்கி புனேயிலிருந்து தினம் இருமுறை கூப்பிட்டு
சாப்பிட்டாயா, நடந்தாயா, பந்தை ஊதினாயா என்கிறாள்.
ஊதுவதில்லை, இழுப்பது.
பிளாஸ்டிக் பெட்டியில் மூன்று நீலப் பந்து, மூச்சுப் பயிற்சிக்கு.
முதல் பந்து எழுந்துவிடுகிறது.
இரண்டாவது தயங்கித் தயங்கி.
மூன்றாவது உட்கார்ந்தபடி
என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

எல்லாரும் ஒன்றையே கேட்கிறார்கள்.
ரத்தம் எடுத்தவர், மயக்க மருந்து டாக்டர், இன்சூரன்ஸ் கவுன்டர்,
படிவத்தில் கையெழுத்து வாங்கிய சின்னப் பெண்:
எந்தப் பக்கம்?
கம்ப்யூட்டரில் இருக்குமே என்றேன்.
நீங்கள் உங்கள் வாயால் சொல்ல வேண்டும், அதுதான் விதி.
இடது.
இடது.
ஐம்பத்துமூன்று வருடமாய்
என்னிடம் ஒன்றும் கேட்காத பக்கம்.

முந்தாநாள் ரயிலில் ஒருத்தி,
தோளில் தூங்கும் குழந்தை, கையில் ஸ்டீல் டப்பா,
காதருகே குனிந்து கேட்டாள்:
அடுத்த ஸ்டேஷன் எந்தப் பக்கம் வரும்?
யோசிக்கவேயில்லை. லெஃப்ட்.
கூட்டத்தைப் பிளந்து இடது வாசலுக்குப் போய் நின்றாள்.
பிளாட்பாரம் வலது பக்கம் வந்தது.
என் வம்சத்தை மராட்டியில் விசாரித்தபடி
குழந்தையும் டப்பாவுமாய்க் குறுக்கே நீந்திக்
கடைசி நொடியில் இறங்கிவிட்டாள்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
ஒன்பது நாளில் முதல் சிரிப்பு.
விலாவுக்குக் கீழே கையை அழுத்திக்கொண்டு
கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.
காய் ஜாலா என்றாள் வைஷாலி.
ஆபீசில் யாருக்கும் சொல்லாததைச்
செம்பூர் வருவதற்குள் அவளிடம் சொல்லி முடித்தேன்.
அவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை.
எழுந்து ஜன்னல் சீட்டைக் கொடுத்தாள்.
பதினோரு வருடப் பழக்கத்தில்
ஒரு நாளும் கொடுத்ததில்லை.

மூக்குத்தியைக் கழற்றி வரச் சொல்லியிருக்கிறார்கள்.
கல்யாணத்துக்கு முன் முடுக்கிய திருகாணி.
சோப்பு போட்டேன், எண்ணெய் விட்டேன், திட்டினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி இவர் குனிந்தார்,
குழாய் மாற்றிய அதே விரல்கள்.
மூச்சை அடக்கியவர் அவர்தான்.
வந்துவிட்டது.
துளைக்குள் போய்வரும் காற்று
யாரோ வெளியூர் ஆள் மாதிரி.

காலை ஆறுக்கு அட்மிஷன்.
இடுப்பில் பேனாவால் அம்பு போடுவார்களாம்.
வலது பக்கத்திடம் இன்னும் சொல்லவில்லை,
நாளையிலிருந்து உனக்கு இரட்டை ஷிப்ட் என்று.

பன்னிரண்டுக்கு மேல் பச்சைத்தண்ணீர் கூடாது.
பதினொன்று ஐம்பதுக்கு
இருட்டில் நின்று ஒரு டம்ளர் குடிக்கிறேன்.
பாதி உனக்கு.
பாதி உனக்கு.