சிவப்புப் பொத்தான், 950 ரூபா

சீமெந்துக் கலண்டரில் கிழித்த ஜூலை,
அதன் பின்பக்கம் எழுதுகிறேன்:
ஸ்டெப்பர் மோட்டார் நாலு.
குறுக்குக்கு ஒன்று, நெடுக்குக்கு இரண்டு,
ஏறி இறங்க ஒன்று.

ஐப்பசியில் சீட்டு எடுத்தால்
கழிவு போக ஒரு லட்சத்து அறுபத்திரண்டாயிரம்.
கூட்டினால் வருவதோ இரண்டு லட்சத்து ஐயாயிரத்து நானூறு.
மறுபடி கூட்டினேன்.
என் கணக்குப் பிழைத்திருக்க வேண்டுமென்று
பள்ளிக்கூடத்தில்கூட நான் வேண்டியதில்லை.

(முதல் போட்ட கணக்கு இதைவிடக் குறைவு.
சைக்கிள் கூடையில் வைத்திருந்தேன்,
பஸ் ஸ்ராண்டடியில் ஒரு மான் தின்றுவிட்டது.)

எழுத்து வெட்டுவதுதான் எங்கள் சீவியம்.
உப்புவெளி விடுதிகளுக்குப் பெயர்ப்பலகை,
கிண்ணியாக் கடைகளுக்கு மூன்று மொழியில்.
ஜிக்சோவால் ஒரு ழகரத்தின் வாலைச்
சுற்றி வருவதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும்.
மிசின் இதை நாலு நிமிசத்தில் செய்யுமாம்.
றெமிஜியஸ் சொல்கிறான்,
புருவத்தில் பலகைத் தூளோடு.

லீனியர் ரெயில் வேண்டாம்.
இந்தக் கடற்காற்று இரும்பை நக்கும்,
ஒரு மாரி போதும்.
அலுமினியச் சட்டமும் சில்லும் போடுவோம்.
போல் ஸ்குரூவையும் வெட்டு.
சாதாரணத் திருகாணியில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும்,
திசை மாற்றினால் முதலில் சும்மா சுற்றும்,
பிறகுதான் நகரும்.
"நீ பாக்கிக் காசு கேட்கப் போவதைப்போல" என்றேன்.
சிரிக்கவில்லை. பிறகு சிரித்தான்.

ஸ்பிண்டிலுக்கு இருக்கிற ட்ரிம்மரே போதும்.
அதைத் தாங்கும் பிடியை
மட்கோவில் லேத் வைத்திருக்கும் திலகசிறி கடைந்து தருவார்;
கூலி, மகளின் தையல்கடைக்கு ஒரு போர்ட்.

எட்டுக்கு நாலு பலகை முழுசாய்ப் படுக்கவேண்டும்
என்பது எங்கள் ஆசை.
ஆனால் இது வாடகை இடம்.
இரண்டு தடவை எழும்பியிருக்கிறோம்,
மூன்றாம் தடவை வராதென்று
வீட்டுக்காரர் எழுதித் தரவில்லை.
டேப்பை எடுத்துப்போய் வாசற்கதவை அளந்தேன்.
இரண்டேமுக்கால் அடி.
மோட்டாரின் பலத்தைப் பற்றி
மூன்று இரவு பேசியிருந்தோம்.
கதவு ஒரு நிமிசத்தில் சொல்லிவிட்டது:
அகலம் இரண்டரை.

கடைசி வரி: அவசர நிறுத்தப் பொத்தான், 950.
றெமிஜியஸ் வெட்டினான்.
"பிளக்கைப் பிடுங்கினால் நிற்கும்தானே."
நான் திரும்ப எழுதினேன்.
வெட்டினான்.
எழுதினேன்.
பேனை பிடித்த அவன் கையை நான் பார்க்கவில்லை.
பார்க்காமலிருப்பதை அவன் பார்த்தான்.
மோதிரவிரலில் முதற் கணு இல்லை.
மேசைவாள், ஒரு வியாழக்கிழமை.
பிளக் மற்றச் சுவரில் இருந்தது.

மூன்றாம் தடவை வெட்டவில்லை.
950-க்குக் கீழே ஒரு கோடு மட்டும் போட்டான்.

சீட்டுக்கு முன்னம் வாங்கக் கூடியது அது ஒன்றுதான்.
வாங்கிவிட்டோம்.
மிசின் வரப்போகும் மூலையில்
சுவரில் இருக்கிறது,
ஒரு வயரும் பூட்டாமல், காளானைப்போலச் சிவந்து.
கணக்கு சண்டையாகும்போது
இரண்டு பேரில் ஒருவர் எழும்பிப்போய் அமத்துவோம்.
டக்.
அமத்தினால் உள்ளேயே நிற்கும்,
வலப்பக்கம் திருகினால்தான் வெளியே வரும்.
நேற்று அதைத் திருக
இருட்டும்வரை இரண்டு பேரும் போகவில்லை.

இன்னும் ஏழாயிரத்து முந்நூறு இடிக்கிறது.