காரணம்

ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில்
நான்கே கோடுகள்.
பெயர். பகுதி. தொகை. காரணம்.
காரணத்துக்கு விட்ட கோடுதான்
நான்கிலும் சின்னது.

அறுப்பின் பண்டிகைக்கு முந்தின ராத்திரி
கேத்தி முழுக்க மஞ்சு இறங்கி
எதிர்வீட்டு பல்பு
ஆடை படிந்த டீ மாதிரி கலங்கித் தெரிய
நான் மூக்குக்கண்ணாடியைத் தேடினேன்.
கிடைத்தது உங்கள் வேதாகமம்.
எட்டு வருஷமாய்
அலமாரி மேல்தட்டில்
வெந்நீர்ப் பைக்குப் பக்கத்தில்
அது இருந்திருக்கிறது.

உள்ளே ஒரு கவர்.
ஊசி ஃபாக்டரி ரெஜிஸ்டரில் எழுதிப் பழகிய
ஒன்றையொன்று தொடாத எழுத்து.

பெயர்: பொ. ஏசுவடியான்.
பகுதி: பாலாடா.
தொகை: ரூ. 501.
காரணம்: வீட்டில் இருமல் நின்றதற்காக.

வீட்டில் என்றால், நான்.
முப்பத்தோரு வருஷம்
கடிதத்திலும் ரேஷன் கடையிலும்
ஆஸ்பத்திரிச் சீட்டு வாங்கும் ஜன்னலிலும்
எனக்கு அதுதான் பெயர்.

அந்த இருமலை நான் மறந்தே போயிருந்தேன்.
கற்பூரவள்ளிச் சாறு,
ராத்திரி இரண்டு மணிக்கு நீங்கள் மூட்டிய அடுப்பு,
முதுகைத் தட்டிய கை.
அந்தக் கைக்குச் சொந்தமான நெஞ்சுக்குள்
எதுவோ அமுக்கிக்கொண்டிருந்ததை மட்டும்
யாரிடமும் சொல்லவில்லை நீங்கள்.
பண்டிகைக்கு ஒன்பது நாள் இருந்தது.
உங்களுக்கு இல்லை.

ஆண்டவரிடம் ஒளிக்க என்ன இருக்கிறது?
ஒரு கையில் நன்றி
ஒரு கையில் கோபம்.
ஜெபத்துக்குக் கூப்பினால்
இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன.

கவருக்குள் பழைய ஐந்நூறு.
நீங்கள் போன மறுமாசம்
செல்லாது என்று சொல்லிவிட்டார்கள்.
கூட வைத்த ஒரு ரூபாய்க் காசு
இன்னும் செல்லும்.

சுகிர்தம் இருந்திருந்தால் சிரித்திருப்பாள்.
ஏலத்தில் ஒரு முட்டைக்கோஸை
எழுநூறு வரைக்கும் ஏற்றிவிட்டு
வாயை மூடிக்கொள்வாள் உங்கள் தங்கை.
மாட்டிக்கொள்வது எப்போதும் நீங்கள்.
பிறகு நான்கு நாள் கோஸ் பொரியல்,
ஐந்தாம் நாள் கோஸ் கூட்டு.
அவளும் அதே மேட்டில்தான்,
உங்களுக்கு இரண்டு வரிசை கீழே.
சைப்ரஸ் வேர் அவள் சிலுவையைச்
சற்றே சாய்த்திருக்கிறது,
பக்கத்துக் கல்லறையின் காதில்
அடுத்த விலையைச் சொல்வது போல.

காலையில் ஒரு புது நோட்டு வைத்தேன்.
காசை எடுக்கவில்லை.
பெயரை அடிக்கவில்லை.
காணிக்கைப் பை என் வரிசைக்கு வந்தபோது
பழுத்த கவரைப் போடக்
கை கூசியது, போட்டேன்.

மே மாசம் மாற்றலாகி வந்த ஆயர்.
சின்ன வயது, கணீரென்ற குரல்.
'பாலாடா பகுதி, சகோதரர் ஏசுவடியான்,
வீட்டில் இருமல் நின்றதற்காக
ஐந்நூற்று ஒன்று.'
பழக்கத்தில் இரண்டு பேர் ஆமென் என்றார்கள்.
முன்வரிசையில் ஞானப்பூ அக்கா
மெல்ல, மிக மெல்லத் திரும்பினாள்.
பாடகர் பக்கம்
யார் கையிலிருந்தோ புத்தகம் நழுவியது.

பாருங்கள், அந்த நேரம் பார்த்து
தொண்டையில் ஏதோ.
மஞ்சாக இருக்கும்.
பீடத்தடியில் குவித்த காரட்டின்
காயாத மண்ணாக இருக்கும்.
இருமினேன்.
நீங்கள் கொடுத்த ஐந்நூற்று ஒன்றும் வீணாக,
கோவில் முழுக்கக் கேட்க இருமினேன்.
யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள்.
யாரோ முதுகைத் தட்டினார்கள்.
திரும்பிப் பார்க்கவில்லை நான்.

மத்தியானம் ஏலத்தில்
ஒரு கோஸ் எடுத்தேன்.
எதிர்த்துக் கேட்க ஆளில்லை,
நானே ஏற்றி நானே எடுத்தேன்.
விலையைச் சொல்லமாட்டேன்.
கோபித்துக்கொள்வீர்கள்.